206 மாணவர்களும் ஒரு பாடத்திட்டமும்

பாடத்திட்டம் எழுதுவது ஆசிரியர்களின் வேலை, அதில் வழக்கறிஞருக்கு என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்றங்களே கூட, எதைக் கற்பிக்க வேண்டும், எத்தனை மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்பதெல்லாம் கல்வியாளர்களின் பொறுப்பு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் ஒரு படிப்பை முடித்தவன் கையில் சான்றிதழோடு ஒரு வேலையின் வாசலில் போய் நிற்கும்போது, அவன் படித்த பாடத்திட்டம் சட்டத்தின் கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது. அப்படி வந்த ஒரு பாடத்திட்டம் என் ஊரான திருவண்ணாமலையோடு தொடர்புடையது. அதைப் பற்றி எழுந்த வழக்கில் நான் எந்தத் தரப்புக்கும் ஆஜரானவன் இல்லை. ஆனாலும் ஆண்டுக்கணக்காக அதன் ஒவ்வொரு உத்தரவையும் தேடிப் படித்திருக்கிறேன். அதிலிருந்து கற்றதை, புதிதாகப் படிப்பு தொடங்கும் எவருக்கும் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

2006 மே 13 அன்று கலைஞர் மு. கருணாநிதி மீண்டும் முதலமைச்சரானார். பத்தே நாளில், மே 23 அன்று, அரசாணை 118 வெளியானது. தகுதியும் பயிற்சியும் பெற்ற இந்து எவரும் கோயில்களில் அர்ச்சகராகலாம் என்பது அதன் சாரம். அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் ஓர் உயர்நிலைக் குழு அமைந்தது. 2007-இல் ஆறு ஊர்களில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கிலும் சைவம். திருவல்லிக்கேணியிலும் ஸ்ரீரங்கத்திலும் வைணவம். ஓராண்டுப் படிப்பு. எல்லாச் சாதிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். முதல் அணியில் பயிற்சி முடித்தவர்கள் 206 பேர்.

பள்ளிகள் திறக்கும் முன்பே வழக்கு வந்துவிட்டது என்பதுதான் இதில் முதலில் கவனிக்க வேண்டியது. ஆதி சைவ சிவாச்சாரியார்கள் நலச் சங்கம் 2006-லேயே உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தது. அந்த ஆகஸ்டிலேயே இடைக்கால உத்தரவும் கிடைத்தது. இடைக்கால உத்தரவு என்பது தீர்ப்பு அல்ல. இறுதி முடிவு வரும்வரை இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். காகிதத்தில் அது இரு தரப்பையும் சமமாக நிறுத்துவதுபோலத் தோன்றும். நடைமுறையில் ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அது ஒரு நாளையும் குறைப்பதில்லை. வெளியே நிற்பவருக்கோ ஒவ்வொரு நாளும் வயதாகக் கழிகிறது. கற்பிப்பதற்குத் தடை இல்லை, நியமிப்பதற்கு மட்டும் தடை என்ற நிலையில் வகுப்புகள் நடந்து முடிந்தன. படித்து முடித்தவர்கள் காத்திருந்தார்கள்.

காத்திருந்தவர்களில் ஒருவர், எங்கள் மாவட்டத்துச் சிற்றூர்க்காரர், ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பயிற்சிச் சான்றிதழ், அதன் நகல்கள், செய்தித்தாள் துண்டுகள். "சார், இந்த சர்ட்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். "தம்பி, முதல்ல என்ன படிச்சீங்கன்னு சொல்லுங்க" என்றேன். நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். பூசை தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஐந்து சுத்திகள்: தன் உடலை, இடத்தை, பூசைப் பொருளை, மந்திரத்தை, லிங்கத்தை. பிறகு விரல்களிலும் அங்கங்களிலும் மந்திரத்தைப் பதிக்கும் நியாசம். சொல்லிக்கொண்டே, தன்னையறியாமல், கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அந்தக் கை எந்தத் தயக்கமும் இல்லாமல் இயங்கியது. வேலையைக் கற்ற கை அது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் அவர் நீட்டிய சான்றிதழ், அந்தக் கை அறிந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூடச் சொல்லவில்லை. குறிப்பிட்ட பயிற்சியைக் குறிப்பிட்ட காலத்தில் முடித்தார் என்பதோடு அது நின்றது.

அவருக்கு நான் எடுத்துக் காட்டியது ஒரு பழைய விதியை. 1964-இல் வகுக்கப்பட்ட கோயில் பணியாளர் விதிகளில் 12-ஆம் விதி. பூசை செய்யும், மந்திரமோ வேதமோ பிரபந்தமோ தேவாரமோ ஓதும் உள்துறைப் பணியாளர் எவரும், பரம்பரை உரிமையில் வந்தாலும் வேறு வழியில் வந்தாலும், பொறுப்பேற்கும் முன் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். ஆகமமும் சடங்கு முறையும் கற்பிக்கும், அறநிலையத் துறை ஆணையரால் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் தலைவரிடமிருந்தோ, மடத்தின் தலைவரிடமிருந்தோ, ஆணையர் குறிப்பிடும் வேறொருவரிடமிருந்தோ அது வர வேண்டும். இந்த விதியைப் படிக்கும் எவரும் ஓரிடத்தில் நிற்க வேண்டும்: பரம்பரையாக வருபவருக்கும் சான்று வேண்டும் என்கிறது விதி. பிறப்பு மட்டுமே தகுதி என்று நம் சட்டம் 1964-லேயே ஒப்புக்கொள்ளவில்லை. கற்றிருக்க வேண்டும், கற்றதை ஒருவர் சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கே விதி.

பரம்பரை உரிமை ஒழிந்தது அதற்குப் பிறகு. தீண்டாமை பற்றி ஆராய்ந்த இளையபெருமாள் குழுவின் அறிக்கையை அடியொற்றி, 1970-இல் தமிழ்நாடு சட்டமன்றம் அறநிலையத் துறைச் சட்டத்தைத் திருத்தி, வாரிசு முறையில் அர்ச்சகராகும் உரிமையை நீக்கியது. அதை எதிர்த்து வந்ததே சேஷம்மாள் வழக்கு. 1972 மார்ச் 14 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அர்ச்சகர் கோயிலின் பணியாளர். அவரை நியமிப்பது சமயச் சடங்கு அன்று, உலகியல் செயல். ஆகவே வாரிசு முறையைச் சட்டம் நீக்கலாம் என்றது நீதிமன்றம். அதே மூச்சில், நியமிக்கப்படுபவர் அந்தக் கோயிலின் ஆகமத்துக்கு உகந்தவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சட்டம் நிலைத்தது, ஆகம நிபந்தனையும் நிலைத்தது. இரு தரப்பும் வென்றதாக நினைத்துக்கொண்ட அந்தத் தீர்ப்பில், எதிர்காலத்தில் பாடத்திட்டம் எழுதப் போகிறவருக்கு ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. ஆகமப்படி என்றால், எந்த ஆகமப்படி?

அந்தக் கேள்வியின் கனம் தெரிய வேண்டுமானால் ஆகமம் என்பது என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். சைவத்துக்கு மூல ஆகமங்கள் 28 என்பது மரபு. தமிழகத்தில் காமிகமும் காரணமும் பரவலாக வழங்குகின்றன. வைணவத்தில் வைகானசம், பாஞ்சராத்திரம் என இரண்டு மரபுகள். கோயில் கட்ட நிலத்தை உழுவது தொடங்கி மூர்த்தியை நிலைநிறுத்துவது வரை, நிலைநிறுத்தியதிலிருந்து திருவிழா வரை, திருவிழாவிலிருந்து தவறு நேர்ந்தால் செய்யும் பிராயச்சித்தம் வரை எல்லாவற்றுக்கும் அவை முறை சொல்கின்றன. யார் தீட்சை பெற வேண்டும், எந்தத் தீட்சை பெற்றவர் எதைச் செய்யலாம் என்பதும் அவற்றில் அடக்கம். ஒரு கோயிலின் முறை இன்னொன்றில் அப்படியே செல்லாது. அண்ணாமலையார் கோயிலின் நித்திய பூசையையும், மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதையில் உள்ள ஒரு சிறு லிங்கச் சன்னதியின் பூசையையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலுவையில் இருந்த சிவாச்சாரியார்கள் சங்கத்தின் வழக்கில், 2015 டிசம்பர் 16 அன்று நீதிபதிகள் ரஞ்சன் கோகோயும் என்.வி. ரமணாவும் தீர்ப்பு சொன்னார்கள். பயிற்சி பெற்ற மாணவர்களின் சங்கமும் அதற்குள் வழக்கில் தன்னை ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டிருந்தது. தீர்ப்பின் போக்கு இதுதான்: அர்ச்சகர் நியமனம் அந்தந்தக் கோயிலின் ஆகமப்படி நடக்க வேண்டும். குறிப்பிட்ட பிரிவினர்தான் பூசை செய்யலாம் என்று ஓர் ஆகமம் சொன்னால், அது சாதியையோ பிறப்பையோ அரசியலமைப்பு ஏற்காத வேறு எதையுமோ அடிப்படையாகக் கொள்ளாதவரை சமத்துவ உரிமையை மீறுவதாகாது. எந்த நியமனம் சரி, எது தவறு என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். அரசாணையை முழுவதுமாக அடித்துப்போடவும் இல்லை, முழுவதுமாக உறுதிசெய்யவும் இல்லை.

சட்டத்தின் கண்ணில் இது நுணுக்கமான, நிதானமான தீர்ப்பு. சாதியால் விலக்கக்கூடாது என்ற எல்லையைத் தெளிவாகப் போட்டது. ஆனால் 206 பேரின் கையில் இருந்த சான்றிதழுக்கு அது செய்தது வேறு. ஒவ்வொரு கோயிலும் ஒரு தனிக் கேள்வித்தாள் ஆகிவிட்டது. இந்தக் கோயிலின் ஆகமம் எது, அதை ஓராண்டில் கற்றீர்களா, அதற்குரிய தீட்சை உண்டா, யார் சோதித்தார்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் புதிதாக நிரூபிக்க வேண்டும். ஒரு பொதுச் சான்றிதழை வைத்துக்கொண்டு குறிப்பான கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொன்னால், நன்றாகப் படித்தவனும் திணறத்தான் செய்வான். சாட்சிக் கூண்டில் ஏறும் எவருக்கும் தெரிந்த உண்மை இது: தெரிந்ததெல்லாம் போதாது, தெரியும் என்பதற்கு ஆவணம் வேண்டும்.

எதிர்த் தரப்பு சொன்னதை நியாயமாகக் கேட்க வேண்டும். பாடசாலையில் சிறு வயதிலேயே சேர்ந்து ஆண்டுக்கணக்கில் குருவோடு இருந்து, காதால் கேட்டு, கையால் பழகிக் கற்கும் ஒரு வித்தையை ஒரே ஆண்டில் எப்படிக் கொடுக்க முடியும் என்பது அவர்கள் வாதம். இதைச் சாதிப் பிடிவாதம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட்டால் நாம் ஒரு நல்ல கேள்வியை இழப்போம். கால அளவு போதுமா என்பது எந்தப் படிப்புக்கும் உரிய முறையான கேள்வி. அதற்குரிய பதில், போதாவிட்டால் கூட்டுங்கள், செய்முறைப் பயிற்சியை நீட்டுங்கள், தேர்வைக் கடுமையாக்குங்கள் என்பதே. படிக்க வந்தவனின் பிறப்பைக் காட்டி வாசலை அடைப்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. 2002-லேயே கேரளத்து ஆதித்யன் வழக்கில், எர்ணாகுளம் மாவட்டத்து ஒரு சிவன் கோயிலில் மலையாளப் பிராமணர் அல்லாத ஒருவர் பூசகராக நியமிக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முறையாகக் கற்று, முறையாகத் தகுதி பெற்றவர் என்றால் பிறப்பு தடையாகாது என்பதே அங்கு சொல்லப்பட்டது. கற்றலின் தரத்தைப் பற்றிய வாதம் கற்றலின் தரத்தோடு நிற்க வேண்டும்.

படிப்பில் குறை இருந்தால் படிப்பைத் திருத்த வேண்டும், படித்தவரைத் தண்டிக்கக்கூடாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே இன்னொரு வழக்கு உண்டு. 2011-இல் சமச்சீர் கல்விப் பாடத்திட்டத்தை, தரம் போதவில்லை என்று சொல்லி, ஆண்டு தொடங்கிய வேளையில் அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்து தள்ளிவைத்தது. புத்தகங்கள் அச்சாகியிருந்தும் பிள்ளைகள் பாடநூல் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தள்ளிவைப்பை ஏற்க மறுத்தது. குறை இருக்கும் பகுதிகளை நீக்கலாம், திருத்தலாம், கூட்டலாம். அதற்காகப் பாடத்திட்டத்தையே கிடப்பில் போட முடியாது என்பதே அதன் சாரம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து வாரத்தில் கிடைத்த நீதி, அர்ச்சகர் மாணவர்களுக்கு ஒரு தலைமுறையின் பாதியைத் தின்றும் முழுதாக வரவில்லை.

2018-இல் மதுரை தல்லாகுளத்து ஐயப்பன் கோயிலில் பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர் நியமிக்கப்பட்டார். 2020-இல் புதிய பணி விதிகள் வந்தன. அர்ச்சகருக்குத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், ஓராண்டுப் பயிற்சிச் சான்று வேண்டும் என்றன. 2021 ஆகஸ்ட் 14 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பல்வேறு பணிகளுக்கு 58 பேருக்கு நியமன ஆணை கொடுத்தார். அவர்களில் 24 பேர் அரசுப் பயிற்சிப் பள்ளிகளில் படித்தவர்கள். 2007-இல் 20 வயதில் வகுப்பில் உட்கார்ந்தவருக்கு அன்று 34 வயது. இடையில் இருந்த பதினான்கு ஆண்டுகளில் என்ன செய்திருப்பார்? என்னிடம் வந்தவர் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். காலையில் தெருப் பிள்ளையாருக்குப் பூசை செய்துவிட்டுக் கடைக்குப் போவார். அவரைத் தவறு செய்தவராக எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட நிலையிலேயே அந்த ஆண்டுகள் போயின.

அதன் பிறகும் சட்டம் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2022 ஆகஸ்ட் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வு புதிய விதிகளை ரத்து செய்ய மறுத்தது. ஆனால் ஆகமப்படி கட்டப்பட்ட கோயில்களில் ஆகமப்படியே நியமனம் என்று வரம்பு கட்டியது. எந்தெந்தக் கோயில் ஆகமக் கோயில் என்று கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி எம். சொக்கலிங்கம் தலைமையில் ஐவர் குழுவுக்கும் வழி செய்தது. 2023 ஜூனில், சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஆகமத்தில் தேர்ச்சி உள்ளவர் என்றால் நியமனத்தில் சாதிக்கு இடமில்லை என்று தெளிவாக எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும், இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்றது. அதே மாதம் ஸ்ரீரங்கம் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களுக்கும் அதே காத்திருப்பு வந்துவிடக்கூடாது என்பதே என் கவலை.

ஆகவே, அர்ச்சகர் படிப்போ கணினிப் படிப்போ, ஒரு படிப்பைத் தொடங்குபவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். படிப்பை முடித்தவன் எந்த வாசலில் போய் நிற்பான்? அங்கே அவனிடம் கேள்வி கேட்க அதிகாரம் உள்ளவர் யார்? அவர் எதைக் கேட்பார்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகே முதல் பாடத்தின் தலைப்பை எழுத வேண்டும். சான்றிதழ் கொடுப்பவரும் சான்றிதழை ஏற்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பாடத்திட்டத்தை முடிவு செய்ய வேண்டும். அரசு தான் நடத்தும் பள்ளியின் சான்றிதழைத் தன் துறையின் கோயில் ஏற்பதற்கே இத்தனை ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றதென்றால், தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளையின் கதி என்ன?

அடுத்தது, கற்றதை எண்ணிச் சொல்லும் ஆவணம். எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், அதில் செய்முறை எவ்வளவு, யாருடைய மேற்பார்வையில், யார் தேர்வு வைத்தார் என்பதெல்லாம் பாடத்திட்டத்திலும் வேண்டும், சான்றிதழின் பின்பக்கத்திலும் வேண்டும். தேர்வாளர் வெளியாளாக இருக்க வேண்டும். சொந்த மாணவனுக்குச் சொந்த ஆசிரியர் கொடுக்கும் மதிப்பெண்ணை எதிர்த் தரப்பு வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் கரைத்துவிடுவார். என்னிடம் வந்தவரின் விரல்கள் அறிந்திருந்த நியாசம், ஒரு வெளித் தேர்வாளரின் கையெழுத்தோடு தாளில் ஏறியிருந்தால், அவருக்காக வாதாட வருபவரின் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

மூன்றாவது, மறைக்காமல் சொல்வது. இந்தப் படிப்பைப் பற்றி வழக்கு நிலுவையில் உள்ளது, அதன் முடிவைப் பொறுத்தே நியமனம் அமையும் என்றால், அதைச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். படிக்க வருபவன் ஆபத்தை அறிந்து ஏற்றுக்கொண்டால் அது அவன் துணிவு. அறியாமல் மாட்டிக்கொண்டால் பழி படிப்பைத் தொடங்கியவர்களுடையது. சட்டத்தில் நியாயமான எதிர்பார்ப்பு என்று ஒரு கோட்பாடு உண்டு: அரசு ஒரு நம்பிக்கையை ஊட்டினால், காரணமில்லாமல் அதைப் பறிக்கக்கூடாது. பயிற்சி கொடுத்ததாலேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற அளவுக்கு அது போகாது. ஆனால் ஒருவனைப் பரிசீலனைக்குக் கூட அழைக்காமல் பதினான்கு ஆண்டுகள் நிறுத்திவைப்பதை எந்த நியாய உணர்வும் ஏற்காது.

எந்தக் கோயில் எந்த ஆகமத்தில் நிற்கிறது என்ற பட்டியல் இறுதியாக வெளிவரும்போது, அதைத் தடைகளின் பட்டியலாகப் படிக்கப் பலர் முனைவார்கள். அதை இந்த ஆறு பள்ளிகளின் பாடத்திட்டத்தில் முதல் பக்கமாக ஒட்ட வேண்டும் என்பேன் நான். இந்தக் கோயிலுக்கு இந்த ஆகமம், அதற்கு இவ்வளவு பாடம், இவ்வளவு பழக்கம், இந்தத் தீட்சை, இந்தத் தேர்வு என்று எழுதிவிட்டால், அதைக் கற்று முடித்தவரிடம் கேட்பதற்கு நேர்மையான கேள்வி எதுவும் மிச்சமிருக்காது. அதற்குப் பிறகும் ஒருவரை வாசலில் நிறுத்தினால், அவரை நிறுத்துவது பிறப்பு மட்டும்தான் என்பது எல்லோர் கண்ணுக்கும் வெட்டவெளிச்சமாகிவிடும். பிறப்பைக் காரணம் காட்டி விலக்குவதற்கு நம் சட்டத்தில் இடமில்லை என்பதை 2015 தீர்ப்பே சொல்லிவிட்டது.